லென்ஸுக்குப் பின்னால் இறங்கும் பெரிஸ்கோப்

1953-இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் கென்னத் கார்ஃபீல்டின் சிறு நிறுவனம் பெரிஃபிளெக்ஸ் என்ற 35 மி.மீ. ஃபிலிம் கேமராவை வெளியிட்டது. அதில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மேலிருந்து ஒரு குட்டிப் பெரிஸ்கோப் இறங்கும். லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் அது பிடித்து மேலே அனுப்பும். படம் எடுப்பவர் ஓர் உருப்பெருக்கி வழியே அதைப் பார்த்து ஃபோகஸைச் சரிசெய்வார். பிறகு பெரிஸ்கோப் மேலேறி வழியிலிருந்து விலகிக்கொள்ளும், ஷட்டர் திறக்கும். இப்படியொரு ஏற்பாட்டைப் பழைய கேமரா சேகரிப்பவர்கள் பெரும்பாலும் விநோதமாகவே பார்க்கிறார்கள். ஜெர்மனியின் லைக்காவைப் போல ரேஞ்ச்ஃபைண்டர் வைக்க வசதியில்லாதவர்கள் கண்டுபிடித்த ஒட்டுவேலை, ‘ஏழையின் லைக்கா’ என்பது பரவலான தீர்ப்பு. வசதியின்மைதான் இந்த யோசனையைப் பிறப்பித்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒளியியல் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கூர்மையாக ஃபோகஸ் செய்வது என்ற ஒரே வேலையில் இந்தக் கருவி லைக்காவைவிடச் சரியான விடையை வைத்திருந்தது தெரியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்தது. வெளிநாட்டுக் கேமராக்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. ஜெர்மன் காப்புரிமைகள் நேச நாடுகளில் செல்லாமல் போயிருந்ததால் லெஸ்டர் நகரின் ரீட் அண்ட் சிக்ரிஸ்ட் நிறுவனம் லைக்காவை அப்படியே நகலெடுத்தது. அந்த ரீட் கேமரா அற்புதமான வேலைப்பாடு கொண்டது, விலையும் அதற்கேற்பவே. கார்ஃபீல்ட் அதுவரை இருட்டறைக்கான ஒளிமானி போன்ற சிறு கருவிகளைச் செய்துகொண்டிருந்தவர். லைக்காவின் 39 மி.மீ. திருகு லென்ஸ்களை ஏற்கும் ஒரு கேமராவை, சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலைக்குள் செய்ய நினைத்தார். திரை ஷட்டர் பெரிய தடையாக இல்லை. செலவு முழுவதும் ஃபோகஸ் செய்யும் பொறியமைப்பில்தான் இருந்தது.

அது ஏன் அவ்வளவு செலவு பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, எவ்வளவு சிறிய அளவுகளோடு போராட வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் வெகுதொலைவிலுள்ள மலையைப் படம்பிடிக்க ஒரு நிலையில் நிற்கிறது. 3 மீட்டரில் நிற்கும் மனிதரைப் பிடிக்க அதை ஃபிலிமிலிருந்து சுமார் 0.85 மி.மீ. முன்னே தள்ள வேண்டும். 2 மீட்டருக்கு வந்தால் 1.28 மி.மீ. ஆக, மனிதர் ஒரு மீட்டர் நகர்ந்ததற்கு லென்ஸ் நகர வேண்டியது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இதில் எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்? ஒரு புள்ளி ஃபிலிமில் 0.03 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டமாக மங்கினாலும் கண் அதைப் புள்ளி என்றே ஏற்கும் என்பது 35 மி.மீ. படங்களுக்கு வழக்கமாகக் கொள்ளும் எல்லை. லென்ஸின் துளை எஃப் 2 அளவில் திறந்திருந்தால், இந்த எல்லைக்குள் இருக்க லென்ஸ் தன் சரியான இடத்திலிருந்து 0.06 மி.மீ. கூட விலகக் கூடாது. ஒரு தலைமுடியின் தடிமன்தான் அது.

இந்த நுட்பத்தை லைக்கா எட்டிய வழி ரேஞ்ச்ஃபைண்டரின் முக்கோணக் கணக்கு. கேமராவின் முகத்தில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சன்னல்கள். இரண்டிலும் தெரியும் காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்து, ஒன்றை மெல்லத் திருப்பி இரண்டையும் பொருத்தினால், திருப்பிய கோணத்திலிருந்து பொருளின் தூரம் கிடைக்கிறது. அந்தத் தூரம் லென்ஸுக்கு எப்படித் தெரியும்? லென்ஸின் பின்விளிம்பில் துல்லியமாகக் கடைந்த ஒரு வளையம் இருக்கிறது. அது ஒரு சிறு உருளையைத் தள்ள, உருளை ஒரு நெம்பை அசைக்க, நெம்பு உள்ளிருக்கும் பட்டகத்தைத் திருப்புகிறது. இந்தச் சங்கிலி முழுவதும் 51.6 மி.மீ. குவியத் தூரம் என்ற ஓர் அடிப்படை அளவுக்காக வகுக்கப்பட்டது. 90 மி.மீ. அல்லது 135 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், அந்த லென்ஸின் நகர்வை 51.6-இன் நகர்வாக மாற்றிச் சொல்லும் வேலையை அதன் பின்வளையம் செய்தாக வேண்டும். ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு லென்ஸும் ஒரே அளவுகோலுக்கு மைக்ரான் கணக்கில் ஒத்துப்போனால்தான் எந்த லென்ஸையும் எந்தக் கேமராவிலும் மாட்ட முடியும். லைக்காவைச் செய்த வெட்ஸ்லார் தொழிற்சாலையின் பெருமை அதில்தான் இருந்தது, விலையும் அதற்குத்தான். இத்தனைக்கும் நடுவே ஒரு விசித்திரம் உண்டு. சன்னல்கள் வழியே பார்ப்பவர் படமெடுக்கும் லென்ஸின் பிம்பத்தை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. தூரத்தை அளந்து, லென்ஸ் சொன்ன இடத்தில் நிற்கும் என்று நம்புகிறார், அவ்வளவே.

அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருப்பதை எண்களே காட்டுகின்றன. போருக்குப் பிந்தைய திருகு லைக்காவில் சன்னல்களின் இடைவெளியை உருப்பெருக்கத்தோடு பெருக்கினால் பயனுள்ள அடித்தளம் ஏறத்தாழ 58 மி.மீ. வருகிறது. மனிதக் கண் பிரித்தறியும் கோணத்தை ஒரு கோண நிமிடம் என்று கொள்வோம். (இரண்டு கோடுகளைப் பொருத்துவதில் கண் இதைவிடக் கூர்மையானது என்று வாதிடலாம். பொறியமைப்பின் தளர்வும் கை நடுக்கமும் அந்த லாபத்தைத் தின்றுவிடும்.) 10 மீட்டரில் நிற்கும் ஒருவரை அளந்தால் பிழை சுமார் அரை மீட்டர். எஃப் 3.5 துளையுள்ள 50 மி.மீ. லென்ஸ் அந்தத் தூரத்தில் நான்கு மீட்டருக்கும் மேல் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். எனவே கவலையே இல்லை. எஃப் 4 துளையுள்ள 135 மி.மீ. லென்ஸ் 66 செ.மீ. வரை பொறுக்கும், மயிரிழையில் தப்பலாம். எஃப் 4.5 துளையுள்ள 200 மி.மீ. லென்ஸுக்கோ 34 செ.மீ. தாண்டினால் படம் கலங்கிவிடும். அரை மீட்டர் பிழை அங்கே செல்லாது. பொருளை அருகே கொண்டுவந்தாலும் தள்ளி நிறுத்தினாலும் இந்தத் தீர்ப்பு மாறாது. அளவீட்டுப் பிழை, பொறுக்கும் எல்லை இரண்டுமே தூரத்தின் வர்க்கத்தில்தான் வளர்கின்றன. தூரம் கணக்கிலிருந்தே அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது லென்ஸின் குவியத் தூரம். அது இரட்டிப்பானால் பொறுமை நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் வரிசை 135 மி.மீ. அளவில் நின்றுபோனது இதனால்தான். லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது எனலாம்: 1935-இல் 200 மி.மீ. டெலிட் லென்ஸைக் கொண்டுவந்தபோது, ரேஞ்ச்ஃபைண்டரை ஒதுக்கிவிட்டு, கேமராவுக்கு முன்னால் மாட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியையும் சேர்த்தே விற்றது.

அப்படியானால் லென்ஸின் பிம்பத்தையே பார்த்துவிடலாமே? ரிஃப்ளெக்ஸ் கேமராவின் வழி அது. லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி. பிம்பம் மேலே திரும்பி ஒரு திரையில் விழும். ஆனால் 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உள்ள முழுப் பிம்பத்தையும் திருப்ப வேண்டுமானால் கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டும். அது சாய்ந்து நிற்கவும் எழுந்து விலகவும் ஆழம் வேண்டும். நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. லைக்கா திருகு லென்ஸ்களுக்கு அந்த இடைவெளி 28.8 மி.மீ. மட்டுமே. முழுக் கண்ணாடிக்கு அதில் இடமில்லை. ப்ராம்லியின் ரே நிறுவனம் 1950-இல் வெளியிட்ட ரேஃப்ளெக்ஸ், பிரிட்டனின் 35 மி.மீ. ரிஃப்ளெக்ஸ் முயற்சி. அதன் சட்டகம் 24-க்கு 32 மி.மீ. ஆகக் குறைக்கப்பட்டிருந்தது, லென்ஸ்களும் அதற்கென்றே தனியாகச் செய்தவை. உலகெங்கும் குவிந்து கிடந்த லைக்கா திருகு லென்ஸ்களின் கதவு அதற்கு மூடியே இருந்தது.

கார்ஃபீல்ட் கேட்ட கேள்வி வேறு. கூர்மை இருக்கிறதா என்று தீர்மானிக்கக் கண் எவ்வளவு பிம்பத்தைப் பார்த்தால் போதும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சட்டகத்தின் நடுவிலுள்ள சில மில்லிமீட்டர் போதும் என்று வைத்துக்கொண்டால், சில மில்லிமீட்டர் கண்ணாடியே போதும், அது 28.8 மி.மீ. இடைவெளிக்குள் தாராளமாக இறங்கி ஏறும். அதன் எடை குறைவு, நகர்த்த வேண்டிய விசை குறைவு, கேமரா அதிர்வதும் குறைவு. பெரிய கண்ணாடியால் வரும் தொல்லைகள் பாதிக்கு மேல் தாமாகவே கழன்றுவிடுகின்றன. சிறிய பகுதியை மட்டும் காட்டுவதால் அதை நன்றாகப் பெருக்கிக் காட்டவும் முடிகிறது. வெறுங்கண் 25 செ.மீ. தூரத்தில் 0.07 மி.மீ. அளவு விவரத்தைத்தான் பிரித்தறியும். ஐந்து மடங்கு பெருக்கினாலே அது 0.015 மி.மீ. ஆகிவிடும், அதாவது நாம் பொறுத்துக்கொள்ளும் மங்கல் வட்டத்தில் பாதி. முக்கியமாக, இந்த நுட்பம் லென்ஸ் நீள நீளக் குறைவதில்லை. 200 மி.மீ. லென்ஸ் பொருளைப் பெரிதாக்கும்போது அதன் ஃபோகஸ் பிழையையும் அதே பிம்பத்தில் பெரிதாக்கிக் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரிவதும் ஃபிலிமுக்குத் தெரிவதும் ஒன்றே. நுண்படம் எடுக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே குழாய் வளையங்களைச் செருகினாலும் பெரிஸ்கோப்புக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஒரு மீட்டருக்குள் நெருங்கியதும் லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தனித் துணைக்கருவிகள் தேவைப்பட்டன.

இதைவிடவும் எனக்குப் பெரிதாகப் படுவது துல்லியத்தின் சுமை இடம் மாறியதுதான். லைக்காவில் அது ஆயிரக்கணக்கான லென்ஸ்கள், உருளைகள், நெம்புகள் எல்லாவற்றின்மீதும் பரவிக் கிடக்கிறது. பெரிஃபிளெக்ஸில் ஒரே ஒரு நிபந்தனைதான்: லென்ஸ் விளிம்பிலிருந்து கண்ணாடியில் பட்டுப் பெரிஸ்கோப்பின் திரைக்குப் போகும் பாதையும், லென்ஸ் விளிம்பிலிருந்து ஃபிலிமுக்குப் போகும் பாதையும் சம நீளமாக இருக்க வேண்டும். அதைக் கேமரா ஒவ்வொன்றிலும் தொழிற்சாலையில் ஒருமுறை சரிசெய்து பூட்டிவிட்டால் முடிந்தது. லென்ஸின் குவியத் தூரம் 50 என்று பொறித்திருந்து உண்மையில் 51 ஆக இருந்தாலும் பாதகமில்லை. அதன் பின்வளையம் எப்படிக் கடையப்பட்டது என்பது பொருட்டே இல்லை. கார்ஃபீல்டின் லூமார் லென்ஸ்கள் எளிய திருகுக் குழலில் வந்ததற்கும், கேமராவின் விலை ரீட் கேமராவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராததற்கும் காரணம் இதுதான். மலிவு என்பது இங்கே சமரசம் செய்து கிடைத்ததன்று. துல்லியம் தேவைப்படும் இடங்களின் எண்ணிக்கை குறைந்ததால் வந்தது.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் சில கனமானவை. முதலாவது, அந்தப் பழமொழியையே திருப்பிப் போடும் வாதம். பானை முழுவதும் ஒரே சீராக வேகிறது என்பதால்தான் ஒரு பருக்கை பதம் சொல்கிறது. ஒரு புகைப்படச் சட்டகம் அப்படிச் சீரானதில்லை. முகம் ஓரத்தில் இருக்கலாம், நடுவில் வெறும் சுவர் இருக்கலாம். முகத்தை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பினால் பிழை நுழையும். எவ்வளவு? பொருள் 2 மீட்டரில் இருக்கிறது, கேமராவை 15 பாகை திருப்புகிறோம் என்றால் சுமார் 7 செ.மீ. எஃப் 3.5 துளையில் 50 மி.மீ. லென்ஸ் அங்கே 17 செ.மீ. பொறுக்கும். பின்னாளில் வந்த எஃப் 1.9 லூமாக்ஸ் லென்ஸில் அது 9 செ.மீ. ஆகக் குறையும், அப்போதும் தப்பிவிடலாம், ஆனால் இடைவெளி சிறிது. தவிர, ரேஞ்ச்ஃபைண்டரும் நடுவில் மட்டுமே அளக்கிறது. இந்தக் குறையை வைத்துப் பெரிஃபிளெக்ஸை லைக்காவுக்குக் கீழே தள்ள முடியாது. ரிஃப்ளெக்ஸுக்குக் கீழே வேண்டுமானால் வைக்கலாம்.

இரண்டாவது வாதத்துக்கு இவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. பெரிஸ்கோப்பில் பார்க்கும்போது படத்தின் அமைப்பு தெரியாது; அமைப்பைப் பார்க்க வேறொரு வியூஃபைண்டருக்குக் கண்ணை நகர்த்த வேண்டும். முதல் மாடலில் பெரிஸ்கோப்பை விரலால் இறக்கிப் பிடித்திருக்க வேண்டும். விட்டால்தான் சுருள்வில் அதை மேலே இழுக்கும். அதோடு இன்னொன்றும் சேர்கிறது. லென்ஸின் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டுமானால் துளை முழுதாகத் திறந்திருக்க வேண்டும்; பிம்பம் வெளிச்சமாகவும் இருக்கும், பிழையும் பளிச்சென்று தெரியும். பிறகு படமெடுக்க வேண்டிய அளவுக்குத் துளையைக் கையால் சுருக்க வேண்டும். திற, இறக்கு, ஃபோகஸ் செய், விடு, சுருக்கு, கண்ணை மாற்று, எடு என்று ஏழு படி. சாலையில் ஓடும் குழந்தை அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் துளை எப்படி இருந்தாலும் சன்னல் காட்சி மாறுவதில்லை. சுருக்கிய துளையோடே ஃபோகஸ் செய்து உடனே எடுக்கலாம். வேகம் தேவைப்படும் செய்திப் படங்களுக்கும் தெருக்காட்சிகளுக்கும் லைக்காதான் சரியான கருவி என்பதை மறுப்பது வீம்பு. பெரிஸ்கோப்பின் வெற்றி அசையாத பொருள், நீண்ட லென்ஸ், நெருங்கிய தூரம் ஆகியவற்றில்தான். அங்கே அதன் மேன்மை கருத்துச் சார்ந்ததில்லை, கணக்குச் சார்ந்தது.

கார்ஃபீல்ட் இந்தக் குறைகளை அறியாதவரல்லர். 1957-இல் வந்த பெரிஃபிளெக்ஸ் 3 ஃபிலிமைச் சுற்றும் செயலோடு பெரிஸ்கோப் இறங்குவதையும், ஷட்டரை அழுத்தும் செயலோடு அது எழுவதையும் இணைத்தது. மறந்துபோய்ப் பெரிஸ்கோப்பின் நிழலோடு படமெடுக்கும் ஆபத்து அதோடு ஒழிந்தது. லென்ஸுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வியூஃபைண்டர்களும் வந்தன. அகலக்கோண லென்ஸ்களில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. சாதாரண வடிவமைப்பில் அவற்றின் பின்கண்ணாடி ஃபிலிமை நெருங்கி வந்துவிடும், பெரிஸ்கோப் இறங்க இடமிருக்காது. ரெட்ரோ லூமாக்ஸ் என்ற பெயரில் வந்தவை பின்பக்கம் இடம்விட்டு அமைந்த வகை. இங்கே ஒரு முரண் கண்ணில் படுகிறது. லைக்காவின் குறுகிய இடைவெளிக்குள் அடங்குவதற்காகவே குட்டிக் கண்ணாடி பிறந்தது. கடைசியில் அந்தக் குட்டிக் கண்ணாடிக்கே இடம்விட லென்ஸை மாற்றி வடிவமைக்க வேண்டியதாயிற்று, ரிஃப்ளெக்ஸ் கேமராக்கள் செய்ததைப் போலவே.

சந்தையில் தோற்றதே, அதற்கு என்ன பதில் என்பார்கள். 1959-இல் நிறுவனம் வட அயர்லாந்தின் பாலிமனிக்கு இடம்பெயர்ந்தது. பீருக்குப் பெயர்பெற்ற கின்னஸ் நிறுவனத்தின் முதலீடும் வந்தது. அதற்குள் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்துகொண்டிருந்தன. 1960-களின் தொடக்கத்தில் கார்ஃபீல்ட் வெளியேறினார். பின்னாளில் அவர் தொலைத்தொடர்புத் துறையின் பெரிய நிறுவனம் ஒன்றை நடத்திச் சர் பட்டம் பெற்றது தனிக் கதை. இறக்குமதிச் சுவர் விழுந்ததும் கேமராவும் விழுந்தது என்றால், சுவர்தானே அதைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து வந்து அதை வீழ்த்தியது எது என்பதையும் பார்க்க வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் அல்ல, ஜப்பானிய ரிஃப்ளெக்ஸ். 1949-இல் ஜெர்மனியின் கான்டாக்ஸ் எஸ் ஐம்பட்டகத்தைக் கொண்டுவந்து காட்சியை நேராக்கியிருந்தது. 1954-இல் அசாஹிஃப்ளெக்ஸ் படமெடுத்த மறுகணமே கண்ணாடியைக் கீழே இறக்கியது. 1959-இல் நிக்கான் எஃப், தானே திறந்து சுருங்கும் துளையையும் இவற்றோடு சேர்த்துக்கொண்டது. மேலே எண்ணிய ஏழு படிகளில் பெரும்பாலானவை ஒரே விரலழுத்தத்தில் கரைந்தன. லென்ஸின் பிம்பத்தையே பார்க்க வேண்டும் என்ற கார்ஃபீல்டின் நிலைப்பாட்டை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், ஒரு பகுதி போதும் என்ற பாதியைத்தான் கைவிட்டார்கள். படத்தின் அமைப்பையும் கூர்மையையும் ஒரே பார்வையில் காண விரும்பும் மனிதக் கண்ணுக்கு அது இயல்பானதே.

கண்ணுக்குப் பதிலாக மின்னணு உணர்வி கூர்மையைத் தீர்மானிக்கத் தொடங்கியபோது அந்தப் பாதியும் திரும்பி வந்தது. 1985-இல் மினோல்ட்டா 7000 கேமராவில், பாதி ஒளியை ஊடுருவ விடும் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடி தொங்கியது. பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் பிடித்து, அடித்தளத்திலுள்ள உணர்விக்கு அனுப்புவது அதன் வேலை. ஷட்டர் திறக்கும் முன் அதுவும் மடிந்து விலகிவிடும். அதை வடிவமைத்தவர்கள் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வழியில்லை. ஆனால் அந்த உணர்வி சரியாக வேலை செய்ய நிறைவேற வேண்டிய நிபந்தனை, 1953-இல் பெரிஃபிளெக்ஸின் திரையைப் பூட்டும்போது பார்த்த அதே நிபந்தனை: சிறு கண்ணாடி வழியே உணர்வி வரை உள்ள பாதையும் ஃபிலிம் வரை உள்ள பாதையும் ஒத்திருக்க வேண்டும். அது சற்றுப் பிசகினாலும் மாட்டிய லென்ஸ் எல்லாமே பொருளுக்கு முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் ஆகும்.